ஏழாவது கேள்வி

டிசம்பர் 27

ஜெபக்கனி மாலத்தீவிலிருந்து போன் செய்தாள். பள்ளிக்கூட விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாய் போட்டுப் படுத்த காலத்திலிருந்து, இந்த முப்பது வருஷத்தில், அவள் போனை எடுத்ததும் நலம் விசாரித்ததே கிடையாது. நேரே ஏச்சுதான்.

"ஏட்டி சந்தனமாரி, பதினோரு வருசமா இந்தத் தீவுல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கேன். பதினோரு வருசமா நீ அடுத்த வருசம் வாரேன்னு சொல்லுத. மே மாசத்தோட என் காண்ட்ராக்ட் முடியுது. பெட்டியக் கட்டிட்டு ஊருக்கு வந்திருவேன். அப்புறம் இங்க யாரைப் பாக்க வருவ, சுறாவையா?"

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பவளப்பாறை படம் ஒன்று இருந்தது. கறுப்பு வெள்ளை. அது சிவப்பு என்று நான், மஞ்சள் என்று அவள். அடிதடியாகி வார்டன் இரண்டு பேரையும் முட்டி போட வைத்தார். பெரியவளானதும் முங்கிப் போய்ப் பார்த்துவிடுவது என்று அன்றைக்கே பேச்சு.

பிப்ரவரியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு அசதியாக இருக்கிறது என்று தெரிந்தது. பாத்திரத்தைக்கூடத் தேய்க்கவில்லை. போட்டது போட்டபடி படுக்கப் போகிறேன்.

டிசம்பர் 28

அவரிடம் சொன்னேன். தென்காசி பஸ்ஸை ஓட்டி முடித்து, குளித்து, பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"மீன் பாக்கணும்னா மார்க்கெட்டுக்குப் போயேன். பக்கத்துல நின்னே பாக்கலாம், வெலையும் கேக்கலாம்."

"உசுரோட நீந்துற மீனை."

"ஏளா, முதுகுல சிலிண்டரைக் கட்டிட்டுல்லா முங்கணும். நம்ம வீட்டு கேஸ் சிலிண்டரையே நவுத்த ஆள் தேடுத."

இப்படிக் கிண்டல் செய்தால் சம்மதம் என்று அர்த்தம். உலகநாதன் என்ற மனிதரோடு இருபத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியதில் இது எனக்குத் தெரியும்.

ஜனவரி 2

திட்டம் முடிவானது. பிப்ரவரி 7 மதியம் திருவனந்தபுரத்திலிருந்து விமானம். மாலேயில் இறங்கி, அங்கிருந்து ஜெபக்கனியின் தீவுக்கு ஸ்பீட் போட். பதினெட்டாம் தேதி வாக்கில் அங்கே நோன்பு தொடங்கிவிடும், பகலில் கடைகள் இருக்காது, அதனால் முன்னாலேயே வந்துவிட்டுப் போ என்றாள். மொத்தம் எட்டு நாள். அதில் மூன்று நாள் பயிற்சி, மூன்று நாள் கடல். கடைசி நாள் தண்ணீருக்குள் இறங்கக் கூடாதாம். முங்கி எழுந்த உடம்போடு உடனே விமானம் ஏறினால் ஆபத்தாம்.

அவளுக்கு வேண்டியவை: அப்பளம், மோர் மிளகாய், சுக்குக் கருப்பட்டி. சாமி சிலை எதையும் பெட்டியில் வைத்துவிடாதே, விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றாள்.

லேபில் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். சேர்ந்து கிடப்பது பதினாறு நாள். பன்னிரண்டு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்த்துச் சொல்லுகிறேன். எனக்கென்று விடுப்பு எடுத்தது இல்லை. மாமனார் காரியம், மகள் கல்லூரிச் சேர்க்கை, கொழுந்தன் கல்யாணம் என்றுதான் போயிருக்கிறது.

லேப் இரண்டாவது மாடி. படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று போனில் பேசுவதுபோல் நடித்தேன். எதிரே இறங்கி வந்த சிஸ்டர், "வீட்டுல என்னக்கா பிரச்சினை?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

ஜனவரி 4

இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். ஆட்டப் போனபோது பாதிதான் இருந்தது. மீதியை நானே மென்று தின்றிருக்கிறேன்.

ஜனவரி 6

டைவிங் கடைக்காரர் நசீம் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். உடல்நிலை பற்றிப் பத்துக் கேள்விகள். ஒன்றுக்கு 'ஆம்' என்று போட்டாலும் டாக்டர் கையெழுத்து வேண்டும். எல்லாமே 'இல்லை' என்றால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

ஆஸ்துமா இல்லை. வலிப்பு இல்லை. காது ஆபரேஷன் இல்லை. சர்க்கரை இல்லை. ஐந்தே நிமிஷத்தில் ஒன்பதை முடித்துவிட்டேன். ஏழாவது கேள்வி: வேகமாக நடந்தால் அல்லது இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?

வீட்டில் பருப்பு தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும். மோர் மிளகாயும்.

ஜனவரி 10

ஸ்டேடியம் நீச்சல் குளத்துக்குப் போனேன். காலை ஏழிலிருந்து எட்டு வரை பெண்களுக்கு. படிவத்தோடு வந்த தாளில் இருநூறு மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. தாமிரபரணியில் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய் வந்தவள்தானே என்று இறங்கினேன்.

ஒரு நீளம் போனேன். திரும்புகையில் பாதியில் கண்ணில் பூச்சி பறந்தது. சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து பயிற்சியாளரம்மா கத்தினாள்.

"மேல வாங்கம்மா! உதடு என்ன வெள்ளையா இருக்கு? சாப்பிடாம வந்தீங்களா?"

"நாலு இட்லி சாப்பிட்டேன். அதான் கனமா இருக்கு."

அவள் நம்பவில்லை. நான் நம்பினேன்.

ஜெபக்கனி கேட்டபோது நாலு சுற்று போட்டேன் என்று சொன்னேன். "ரொம்பத் துள்ளாத. கீழ போனா முதல் பாடம் மூச்சை அடக்கக் கூடாது, தெரியும்லா? உனக்கு அடக்கித்தான் பழக்கம்" என்றாள். ஆற்றில் மூச்சைப் பிடித்து முங்கி எழுபது வரை எண்ணினவள் நான். இன்றைக்குக் குளியலறை வாளியில் முகத்தை விட்டுப் பார்த்தேன். பதினெட்டு.

ஜனவரி 15

பொங்கல். நான் பானையைத் தொடவில்லை. எனக்குத் தீட்டு வந்து இது பதிமூன்றாம் நாள். அவர்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொங்கினார், அடிப்பிடிக்கப் பொங்கினார்.

"தீபாவளிக்கும் இப்படித்தான ஒதுங்கி நின்ன? கார்த்திகைக்கும்?"

"வயசு அப்படி. எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்."

"டாக்டர் அம்மாகிட்ட கேட்டியா? அங்கனதான வேலை பாக்க."

கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுங்க, கர்ப்பப்பையில கட்டி இருக்கு, எடுத்துருங்க. ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு அவர் அப்படிச் சொல்கிறார். அந்த ஐந்து பேர் ரத்தமும் என் கையில்தான் வருகிறது. படுத்தால் பதினாறு நாள் விடுப்பும் கட்டிலிலேயே போய்விடும். பிப்ரவரிக்கு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். எனக்கு எட்டு நாள் வேண்டும், அவ்வளவுதான். எட்டே எட்டு நாள் கேட்பது ஒரு குற்றமா?

ஜனவரி 19

ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று போட ஒரு ஆதாரம் வேண்டும் என்றுதான் செய்தேன்.

காலையில் லேபில் ஆள் இல்லாத நேரம். ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இழுத்து, இடது கையில் நானே ஊசி போட்டு எடுத்தேன். குழாயில் விழுந்த ரத்தம் நன்னாரி சர்பத் மாதிரி இருந்தது. கண்ணை எடுத்துக்கொண்டேன்.

சொந்தப் பெயரில் பதிந்தால் பெரிய டாக்டர் மேசைவரை போகும். கோமதி, பெண், 44 என்று அடித்தேன். முகவரி சமாதானபுரம். போன் எண் இல்லாமல் கணினி விடமாட்டேன் என்றது. என் எண் லேபில் எல்லோருக்கும் மனப்பாடம். வேறு எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே எண்தான். யோசிக்காமல் அவருடைய எண்ணை அடித்துவிட்டேன். முடிவு வந்ததும் பார்த்துவிட்டு அழித்துவிடலாம், யார் கூப்பிடப் போகிறார்கள்?

குழாயை மெஷினில் வைத்தேனோ இல்லையோ, ஐசியூவிலிருந்து அழைப்பு. ஒரு நோயாளிக்கு நரம்பு கிடைக்கவில்லையாம். போய், தேடி, எடுத்து, திரும்ப நாற்பது நிமிஷம்.

என்னோடு வேலை பார்க்கும் மைதீன் பிச்சை ஷிஃப்டுக்கு வந்திருந்தான். மெஷின் திரை சிவப்பாக இருந்தது.

"அக்கா, ஹீமோகுளோபின் அஞ்சு புள்ளி நாலு. ரெண்டு தடவை ஓட்டிட்டேன், ஸ்லைடும் பாத்துட்டேன். அஞ்சு புள்ளி நாலேதான். யாரு இந்தக் கோமதி? எந்த டாக்டர் சீட்டும் இல்ல?"

தெரியாது என்றேன். பன்னிரண்டு இருக்க வேண்டிய எண் அது.

எங்கள் லேபில் ஒரு சட்டம். சுவரில் ஒட்டியிருக்கிறது, என் கையெழுத்தில்தான். ஆபத்தான முடிவு வந்தால் அரை மணி நேரத்துக்குள் நோயாளியிடம் சொல்ல வேண்டும். கேட்டவர் அந்த முடிவைத் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னவர், கேட்டவர், நேரம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

மைதீன் ஏற்கெனவே போன் செய்திருந்தான். "யாரோ ஒரு அண்ணாச்சி எடுத்தாரு. ராங் நம்பர்னுட்டாரு."

சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்க ஆஸ்பத்திரிலருந்து போன். கோமதின்னு ஒருத்தி, ஒடம்புல ரத்தமே இல்லையாம். உடனே அனுப்பி வைங்கன்னு அந்த ஆளு கெஞ்சுதான். நான் டீ குடிச்சிட்டிருந்தேன், திரும்ப ஒரு தடவை அடிச்சுட்டான். பாவம், எங்க கிடக்காளோ அந்தப் பொம்பளை!"

நான் தோசை சுட்டேன். நாலு தோசை. எனக்கு இறங்கவில்லை.

ஜனவரி 20

ஐஸ் தட்டு காலி. இரண்டு முறை நிரப்பினேன். அதைக் கடித்தால் தலைசுற்றல் கொஞ்சம் அடங்குகிறது.

ஐசியூவுக்கு மூன்று முறை ஏறினேன். விமானச் சீட்டு ஈமெயிலில் வந்துவிட்டது. ஜன்னலோர இருக்கை.

ஜனவரி 21

மைதீன் கோமதியை விடுவதாக இல்லை. வரவேற்பில் விசாரித்தான், மகப்பேறு வார்டில் விசாரித்தான். நேற்று வேலை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு சமாதானபுரத்துக்கே போய்விட்டான்.

"நாலு கோமதி இருக்காவ அக்கா. ஒருத்திக்கு எழுவது வயசு. ஒருத்தி ஒண்ணாங்கிளாஸ். ஒருத்தி, நான் எதோ விக்க வந்திருக்கேன்னு நாயை அவுத்து விட்டுட்டா. இன்னொரு வீட்டுல பூட்டு. இன்னைக்கு மறுபடியும் போறேன்."

"விடேன்டா மைதீன். வேற எங்கயாவது போய்ப் பாத்திருப்பா."

"எப்படிக்கா விட? அஞ்சு புள்ளி நாலோட அவ இந்நேரம் சோறு பொங்கிட்டு இருப்பா. அப்படியே அடுப்புமேல விழுந்தா?"

எனக்குக் கோபம் வந்தது. உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அவன் முகம் சுருங்கிப்போனது. இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

ஜனவரி 22

இன்றைக்கு நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு மைதீன் பதிவேட்டோடு என் மேசைக்கு வந்தான். பூட்டின வீட்டுக் கோமதியையும் பார்த்துவிட்டானாம். டீச்சர், நல்ல தெம்பாக இருக்கிறாளாம். "பாத்தாலே தெரியுதுக்கா, ரத்தம் மிச்சம்."

பதிவேட்டில் கடைசிக் கட்டம்: நோயாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு மூத்த டெக்னீஷியன் கையெழுத்து வேண்டும். அதாவது என் கையெழுத்து.

"நீங்க போட்டுட்டா முடிச்சிருவேன். எனக்கு மனசு கேக்கல, ஆனா என்ன செய்ய? வீட்டுல யாருக்கும் சொல்லியிருக்க மாட்டா. விழுந்த பெறகுதான் எல்லாரும் ஓடுவோம்."

பேனாவை வாங்கினேன். கோமதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுதிவிட்டால் கோமதி என்று யாரும் இல்லை. மெஷின் ஏதோ தப்பாகச் சொல்லியது. நான் பிப்ரவரி ஏழாம் தேதி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போகலாம்.

ஆனால் இவன் இரண்டு நாள் சாயந்தரம் நாய்க்கடிக்குத் தப்பி எனக்காகத் தெருத் தெருவாக அலைந்திருக்கிறான். பேனாவை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"மைதீன், மணி என்ன?"

"பத்து இருபதுக்கா."

"எழுதிக்கோ. தகவல் கேட்டவர் சந்தனமாரி. திரும்பச் சொல்லுதேன், சரியான்னு பாரு. அஞ்சு புள்ளி நாலு."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு என் இடது முழங்கையைப் பார்த்தான். ஊசி போட்ட இடம் இன்னும் கன்றிப்போய்த்தான் இருந்தது.

"அக்கா," என்றான். அடுத்த நொடி லேபே அதிரக் கத்தினான். "அஞ்சு புள்ளி நால வச்சுக்கிட்டு ஐசியூக்கு மூணு தடவை ஏறினீங்களா? கூறு கெட்டுப் போச்சா உங்களுக்கு? நான் ஊரெல்லாம் நாய்க்கு முன்னால ஓடுதேன், நீங்க எதிர்த்த மேசையில உக்காந்து விடேன்டாங்கீங்க!"

பேசிக்கொண்டே போய்ச் சக்கர நாற்காலியை உருட்டி வந்தான். நடந்தே வருகிறேன் என்றேன். "வாயைத் திறந்தீங்கன்னா தூக்கிட்டுப் போயிருவேன்" என்றான். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன். பயத்தில் இல்லை, ஆயாசத்தில். உட்காருவதற்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

ஜனவரி 23

வார்டில் இருக்கிறேன். இரண்டு பை ரத்தம் ஏறிவிட்டது. அரிசி மென்றது, ஐஸ் கடித்தது எல்லாம் ரத்தம் இல்லாததால்தான். ஸ்கேனில் மூன்று கட்டிகள், ஒன்று நார்த்தங்காய் அளவு. ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டதும் ஆபரேஷன்.

அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கு ரெண்டாவது தடவை போன் பண்ணும்போது அந்த ஆளு என்ன கேட்டான் தெரியுமா? 'அண்ணாச்சி, உங்க வீட்டுல அப்படி யாரும் இருக்காங்களான்னு ஒரு தடவை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க'ன்னான்."

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லன்னு சொல்லிட்டேன். யோசிக்கவே இல்ல. அப்புறம் வீட்டுக்கு வந்து உன்கிட்டயே சொல்லிச் சிரிச்சேன். ஏளா, நீ தோசை சுட்டுட்டு நின்னியே!"

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பொங்கலுக்குக் கேட்டீர்களே, நான்தான் மழுப்பினேன் என்றேன். கேட்டதோடு விட்டுட்டேன்லா என்றார்.

ஜெபக்கனிக்கு அவர்தான் போன் போட்டுச் சொன்னார். போனைக் காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்திருந்தார். அப்படியும் அவள் ஏசுவது எனக்குக் கேட்டது.

ஜனவரி 30

ஹீமோகுளோபின் 9.1. மைதீன் தானே வந்து ரத்தம் எடுத்துப் போகிறான். என்னைக் குழாயைத் தொடக்கூட விடுவதில்லை.

பிப்ரவரி 7

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். வயிறு முழுக்க வலி. ஆனால் வேறு மாதிரி வலி, முடிந்துபோன காரியத்தின் வலி. மதியம் மணி பார்த்தேன். என் ஜன்னலோர இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்து போயிருப்பார்கள். துக்கமாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுத மாட்டேன்.

இன்னொரு பை ரத்தம் ஏற்ற சிஸ்டர் வந்தாள். பன்னிரண்டு வருஷமாக என்னோடு கேண்டீனில் சாப்பிடுகிறவள். ஆனாலும் ஏற்றுவதற்கு முன் கேட்டாக வேண்டும், அது சட்டம்.

"உங்க பேரைச் சொல்லுங்க."

"சந்தனமாரி. வயசு நாப்பத்தி நாலு."

"நல்லாப் பாத்துக்கிடுங்க சிஸ்டர்," என்றார் அவர். "இவளுக்கு வேற பேரும் உண்டு."

சிரித்தால் தையல் இழுக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

நாலு மணிக்கு ஜெபக்கனி. எடுத்ததும் ஏசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"படகுத் துறைக்கு வந்து நிக்கேன். நீ வரவேண்டிய போட் இப்பதான் வந்து நின்னுச்சு."

"நீயாவது போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுட்டி. சிவப்பா, மஞ்சளா? பதினோரு வருசமா பாத்திருப்பல்லா?"

காற்று இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

"நான் எங்கட்டி இறங்கினேன்? கரையிலயே நின்னு கால நனைச்சதோட சரி. நீ வரட்டும்னு இருந்தேன். நான் மட்டும் பாத்துட்டு வந்து உனக்குக் கலர் சொல்லவா?"

அவளும் அழுதாள், நானும் அழுதேன். பிறகு அவளுக்குச் சுருதி வந்துவிட்டது. மே மாதம் ஊருக்கு வருகிறாள். அடுத்த ஜனவரியில் இரண்டு பேரும் டூரிஸ்டாகப் போவது, அவளே டிக்கெட் போடுவது, நான் என் பெயரில் மட்டும் வந்தால் போதும் என்று முடிவு.

நசீமிடம் சொல்லிப் புதுப் படிவம் அனுப்பியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் தன் போனில் அதைத் திறந்து, நான் சொல்லச் சொல்லத் தொட்டுக்கொண்டே வந்தார். ஏழாவது கேள்விக்கு 'ஆம்'. அறுவைச் சிகிச்சை நடந்ததா? 'ஆம்'. கீழே டாக்டர் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. அது ஜனவரிக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியில் ஒரு கட்டம். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும், அவர் எண் என்ன?

அன்றைக்கு அடித்த அதே எண்ணைச் சொன்னேன். சொந்த எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடித்தார்.

"அங்கருந்து யாராவது கூப்பிட்டா ராங் நம்பர்னு வச்சிராதீங்க."

"வைக்க மாட்டேன்," என்றார். "எங்க வீட்டு ஆளுதான்னு சொல்லுதேன்."